வேகத்தைக் கடைசியில் கேளுங்கள்

“கேட் 6 போதுமா, கேட் 7 போட்டுவிடலாமா?” நெட்வொர்க் கேபிள் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட் என்பது கேபிளின் வேகத் தரத்தைச் சொல்லும் எண். நான் பதில் சொல்வதற்கு முன் வேறு கேள்விகள் கேட்பேன். கேபிள் எந்த வழியாகப் போகிறது? சுவருக்குள்ளேயே கிடக்குமா, வெயிலில் தொங்குமா? மேலே எண்ணெய் சொட்டுமா? பக்கத்தில் மோட்டார் கேபிள் ஓடுகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடங்கி நிமிரும்? கேட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், வேகத்தைக் கேட்டால் இவன் வெயிலைப் பற்றிப் பேசுகிறானே என்று. ஆனால் நான் பார்த்தவரை, வேகம் போதாமல் கழற்றப்பட்ட கேபிள்கள் குறைவு. போட்ட இடத்தின் பாடு தாங்காமல் போனவைதான் அதிகம்.

வேகக் கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன், அது சுலபம். கேட் 5இ கேபிள் 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை சோதிக்கப்பட்டது; நொடிக்கு 1 ஜிகாபிட்டை 100 மீட்டருக்குத் தாராளமாகக் கொண்டுபோகும். கேட் 6 என்றால் 250 மெகாஹெர்ட்ஸ். அதில் 10 ஜிகாபிட்கூட ஓடும், ஆனால் சுமார் 55 மீட்டர் வரைதான். நிறையக் கேபிள்கள் ஒட்டிக்கொண்டு கட்டாகக் கிடந்தால் 37 மீட்டரிலேயே தடுமாறலாம். கேட் 6ஏ 500 மெகாஹெர்ட்ஸ், 10 ஜிகாபிட் முழு 100 மீட்டருக்கும் போகும். கேட் 8 ஒரேயடியாக 2000 மெகாஹெர்ட்ஸ், ஆனால் எட்டுவது 30 மீட்டர்தான். டேட்டா சென்டரில் ரேக்குக்கு ரேக் இழுப்பதற்காக வந்த சரக்கு அது, வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வேலையில்லை.

கேட் 7 விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போகலாம். 600 மெகாஹெர்ட்ஸ் என்று ஐஎஸ்ஓ தரநிலையில் அதற்கு இடம் உண்டு; அமெரிக்காவின் டிஐஏ அமைப்பு அதை ஏற்கவே இல்லை. அந்தத் தரத்துக்கென்று வகுத்த கனெக்டரும் நாம் பழகிய சாதாரண ஆர்ஜே45 நெட்வொர்க் பிளக் கிடையாது. அப்படியிருக்க, இரண்டு முனையிலும் சாதாரண ஆர்ஜே45 பிளக்கைப் பொருத்தி, மேலே ‘கேட் 7’ என்று அச்சடித்து வரும் பேட்ச் கார்டை (சொருகிக் கழற்றும் குட்டைக் கேபிளை) நான் பெரிதாக மதிப்பதில்லை. நல்ல ஷீல்டு, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோகச் சுற்று, போட்ட கேபிளாக அது இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை நம்பிக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

அந்த 100 மீட்டரும் சும்மா 100 மீட்டர் இல்லை. சுவருக்குள் நிரந்தரமாகப் போகும் பகுதி 90 மீட்டர், இரண்டு பக்கமும் சொருகும் பேட்ச் கார்டுகளுக்கு மொத்தமாக 10 மீட்டர் என்று பிரித்துத்தான் கணக்கு.

என் வழக்கம் இதுதான்: புதிதாகக் கட்டும் கட்டடத்தில், பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும் என்ற இடத்தில் கேட் 6ஏ. மற்ற இடங்களில் கேட் 6. ஏற்கெனவே கேட் 5இ நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். 2016-இல் வந்த 2.5 ஜிகாபிட், 5 ஜிகாபிட் தரநிலையே சுவருக்குள் கிடக்கும் பழைய கேபிளைப் பிடுங்காமல் வேகத்தை ஏற்றத்தான் வந்தது. 2.5 ஜிகாபிட்டை நல்ல கேட் 5இ முழு நீளத்துக்கும் தாங்கும்.

சரி, வேகம் முடிந்தது. இனிமேல்தான் விஷயம்.

மேலே என்ன எண் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது செம்பா என்று முதலில் பாருங்கள். சிசிஏ என்று ஒரு ரகம் உண்டு. அலுமினியக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. பார்வைக்குச் செம்புதான். கேட் 5இ, கேட் 6 தரநிலைகள் எதிலும் இதற்கு இடமில்லை. ஆனாலும் அந்த எண்களைத் தாங்கியே பெட்டிகள் வருகின்றன. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு. எடை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பெட்டியைத் தூக்கும்போதே அனுபவப்பட்ட கைக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலைக் கேபிள்களில் வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருக்கும். அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, அரிப்பைத் தாங்குவதற்காகச் செய்தது. அதைப் பார்த்துப் பதறிக் கேபிளைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

சுரண்டிப் பார்ப்பதில் நம்பிக்கை இல்லையென்றால் மல்டிமீட்டர் இருக்கிறது. 305 மீட்டர் பெட்டியைத் திறந்து, சுருளின் கடைசி முனையைத் தேடி எடுத்து, அங்கே ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள். இந்தப் பக்க முனையில் அதே ஜோடியின் மின்தடையை அளந்து பாருங்கள். தரநிலைப்படி ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு 9.38 ஓமுக்கு மேல் போகக்கூடாது. போக வர 610 மீட்டர் என்பதால் 57 ஓமுக்குள் இருக்க வேண்டும். கம்பித் தடிமனைச் சொல்லும் ஏடபிள்யூஜி எண்ணில் 24 ஏடபிள்யூஜி செம்பு என்றால் ஐம்பதைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். தடிமன் கூடிய 23 ஏடபிள்யூஜி கேட் 6 கேபிளில் நாற்பதை ஒட்டி வரும். மீட்டர் எண்பதைக் காட்டினால் பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடலாம். ஏடபிள்யூஜி எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள், இந்த இடத்தில் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

இன்டர்நெட் மட்டும் ஓடினால் சிசிஏ-கூடக் குறுகிய தூரத்துக்குத் தாக்குப்பிடிக்கும். கேபிளிலேயே கரன்ட்டும் அனுப்பும்போதுதான் சிக்கல். கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயின்ட், ஐபி ஃபோன் எல்லாம் இப்போது பிஓஇ எனப்படும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. 2003-இல் அந்தத் தரநிலை வந்தபோது கரன்ட்டை அனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் பக்கம் 15.4 வாட். 2009-இல் 30 வாட். 2018-இல் 90 வாட் வரை ஏறிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது மறுமுனையில் கிடைப்பது எவ்வளவு என்பது. 15.4 வாட் அனுப்பினால் கருவிக்கு உத்தரவாதம் 12.95. 30 அனுப்பினால் 25.5. 90 அனுப்பினால் 71.3. மிச்சம் 18 வாட்டுக்கு மேல் எங்கே போகிறது? கேபிளைச் சூடாக்குகிறது. சரியான செம்பில், முழு 100 மீட்டரில், தரநிலையே ஒப்புக்கொண்டு ஒதுக்கிய இழப்பு இது. செம்பு சூடானால் டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் மின்தடை கூடும். அதனால் சமிக்ஞையும் கூடுதலாகத் தேயும். இந்த இடத்தில் ஒன்றரை மடங்கு மின்தடை உள்ள கம்பியைப் போட்டு, ஐம்பது அறுபது கேபிள்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டி, காற்று புகாத கூரைக்குள் திணித்தால் நடுவில் இருக்கும் கேபிளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கேமரா இரவில் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கி மின்தேவை கூடும், முனையில் வோல்டேஜ் சரியும், கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

கம்பி ஒற்றையா, பல இழையா என்பது அடுத்தது. சுவருக்குள் அசையாமல் கிடக்கப் போவது ஒற்றைக் கம்பி. மேசைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும் பேட்ச் கார்டு பல இழை. ஒற்றைக் கம்பியில் சமிக்ஞை தேய்வது குறைவு, பல இழை வளைந்து கொடுக்கும். பிளக்குகளும் வேறு. பல இழைக்கான பிளக்கில் பல் இழைகளின் நடுவே குத்தி இறங்கும், ஒற்றைக் கம்பிக்கானதில் கம்பியைக் கவ்விப் பிடிக்கும். மாற்றிப் போட்டாலும் அன்றைக்கு வேலை செய்யும், அப்புறம்தான் விட்டுவிட்டு வரும். சுவர்க் கேபிளின் முனையில் நேராகப் பிளக் அடிப்பதை நான் முடிந்தவரை தவிர்ப்பேன். சுவர்ச் சாக்கெட்டான ஜாக்கில் முடித்து, பேட்ச் கார்டு போட்டுவிடுவேன்.

முறுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கம்பிகளை முறுக்கி ஜோடியாக்கும் உத்திக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் சமமாகத் தாக்கும், மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துவிடும். நான்கு ஜோடிகளும் ஒரே நெருக்கத்தில் முறுக்கப்படுவதில்லை. ஒன்றின் பேச்சு மற்றொன்றில் விழாமலிருக்கத்தான் அந்த வித்தியாசம். அதனால்தான் முனையில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். கம்பிகளை அழகாக நேராக்கி இரண்டு அங்குலம் பிரித்து அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பார்க்க லட்சணமாக இருக்கும், அளந்தால் தோற்கும்.

எட்டு விளக்கு வரிசையாக எரியும் சின்ன டெஸ்டரை நம்பி ஏமாறும் இடமும் இதுதான். பிளக்கில் 1-2, 3-6, 4-5, 7-8 என்று ஜோடிகள் போக வேண்டும். சிலர் நிறத்தைப் பார்க்காமல் 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்துவிடுவார்கள். எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் 3-6 சமிக்ஞை இரண்டு வெவ்வேறு ஜோடிகளில் பிரிந்து ஓடும், முறுக்கின் பலன் போயே போச்சு. அதேபோல, ஜிகாபிட் போர்ட் ஒன்று 100 மெகாபிட்டிலேயே நின்றுவிட்டால் நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் முதலில் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு அந்த இரண்டும் தேவையில்லை. எனவே அவை அறுந்தும் நெட் ஓடிக்கொண்டிருக்கும்.

ஷீல்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தேவையில்லாத இடத்தில் போடாதீர்கள், தேவைப்படும் இடத்தில் அரைகுறையாகப் போடாதீர்கள். சாதாரண அலுவலகத்துக்கு ஷீல்டு இல்லாத யுடிபி போதும். வெல்டிங் மெஷின், பெரிய மோட்டார், வேகம் மாற்றும் டிரைவ்கள் இருக்கும் இடத்தில் ஷீல்டு வேண்டும். அப்போது கேபிள் மட்டும் ஷீல்டு போட்டதாக இருந்தால் ஆகாது. பிளக், ஜாக், கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல், ரேக்கின் எர்த் வரை உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஷீல்டு கேபிளை வாங்கி முனையில் பிளாஸ்டிக் பிளக் அடித்தால், எங்கும் சேராத அந்த ஃபாயில் இரைச்சலைத் தடுக்காது, சில சமயம் தானே வாங்கி உள்ளே கொடுக்கும்.

மேலுறையைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கோ பாதித் தேர்வு அங்கேதான் முடிகிறது. வழக்கமான பிவிசி உறை அறைக்குள் நன்றாக இருக்கும். அதையே மொட்டை மாடியில் போட்டால் புறஊதாக் கதிரில் வெளுத்து, விறைத்து, மடித்தால் வெடிக்கும். வெளியே போகும் கேபிளுக்குக் கார்பன் கலந்த கறுப்பு பாலிஎத்திலீன் உறை. மண்ணில் புதைப்பதென்றால் உள்ளே ஜெல் நிரப்பிய ரகம், எலி கடிக்கும் என்றால் இரும்புக் கவசமும் சேர்த்து. தண்ணீருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: உறையில் ஒரு சின்னக் கீறல் கிடைத்தால் போதும், உள்ளே இருக்கும் இடைவெளியைப் பிடித்துக்கொண்டு கேபிள் நெடுக ஊர்ந்து, கீறலிலிருந்து வெகுதூரம் தள்ளி ஜாக்கில் வந்து சொட்டும். கூரையில் ஓட்டை, ஆனால் பச்சை பூத்திருப்பது கீழ்த்தளத்தில் இருக்கும் பேட்ச் பேனல். அதனால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுவார்கள். வெளிப்பக்கத் தண்ணீராவது அங்கே சொட்டிவிடும்.

பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண் எரியும், மூச்சு அடைக்கும், கறும்புகையில் வாசல் தெரியாது. எரியாத பக்கத்து ரேக்கில் இருக்கும் சர்க்யூட்டுகளையும் அது தின்றுவிடும். ஆட்கள் கூடும் இடங்களில், சுரங்கப்பாதைகளில், மருத்துவமனைகளில் புகை குறைந்த, ஹாலஜன் இல்லாத எல்எஸ்ஜெட்ஹெச் உறையைக் கேட்பது அதனால்தான். ஆனால் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். புகை குறைவு என்பது வேறு, தீ பரவாமல் இருப்பது வேறு, தீயிலும் தொடர்ந்து வேலை செய்வது வேறு. மூன்றுக்கும் தனித்தனி சோதனைகள். புகைக்கு ஐஇசி 61034, பரவலுக்கு 60332, எரியும்போதும் சர்க்யூட் அறுபடாமல் நிற்பதற்கு 60331. தீ எச்சரிக்கை மணிக்கும் அவசர விளக்குக்கும் போகும் கேபிளுக்குக் கடைசியாகச் சொன்னது வேண்டும், முதலாவது மட்டும் இருந்தால் போதாது.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு நெட்வொர்க் கேபிள் இழுக்கலாமா என்று கேட்டால், தூரம் 40 மீட்டராக இருந்தாலும் வேண்டாம் என்பேன். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே வோல்டேஜ் மட்டத்தில் இருக்காது. பக்கத்தில் இடி விழும் அந்த நொடியில் வித்தியாசம் எங்கேயோ போய்விடும். ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் போட்டுவிடுங்கள். கண்ணாடிக்கு எர்த்தும் இல்லை, இடியும் இல்லை. ஆனால் கவசத்துக்கு இரும்பு இல்லாத ரகமாகப் பாருங்கள், இல்லையென்றால் செம்பு செய்யும் கெடுதலை அந்த இரும்பே செய்துவிடும். புதிதாகப் போடுவதென்றால் 9 மைக்ரான் உள்ளகம் கொண்ட, மஞ்சள் உறை போட்ட சிங்கிள் மோட் ஃபைபரைத்தான் நான் எடுப்பேன். இன்னொரு ரகமான ஓஎம்3 மல்டி மோட் ஃபைபர் 10 ஜிகாபிட்டுக்கு 300 மீட்டரில் நின்றுவிடும். சிங்கிள் மோடில் கருவியை மாற்றி மாற்றி வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம்.

இனி தொழிற்சாலை. இங்கேதான் ‘நெட்வொர்க் கேபிள்தானே, எதைப் போட்டால் என்ன’ என்ற பேச்சு செல்லாது.

ஒரு பொட்டலமிடும் இயந்திரத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நகரும் கையில் ஒரு கேமரா, டிராக் செயின் (கேபிளை ஏந்திக் கையோடு மடங்கி நிமிரும் சங்கிலி) வழியாகக் கேபிள். கேமராவின் தொடர்பு ஒரு ஷிஃப்டுக்குள் பல தடவை அறுந்து தானாகவே வந்துவிடுகிறது. கேமராவை மாற்றியாயிற்று, சுவிட்சை மாற்றியாயிற்று, மென்பொருள்காரரைக் கூப்பிட்டுத் திட்டியாயிற்று. கேபிள் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, உறையில் ஒரு கீறல் இல்லை, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது. அப்புறம் கேபிளை ஏன் சந்தேகப்படப் போகிறார்கள்? நான் சுவிட்சின் விளக்கைப் பார்த்துக்கொண்டு, கையை மெதுவாக நகர்த்தச் சொன்னேன். முக்கால்வாசி தூரம் போனதும் விளக்கு அணைந்தது. ஒரு விரற்கடை பின்னால் வந்தால் எரிந்தது. செயினைத் திறந்து அந்த வளைவில் கேபிளை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று இருந்தது. வெட்டிப் பார்த்தோம். பச்சை ஜோடியில் ஒரு கம்பி, இன்சுலேஷன் முழுசாக இருக்க, உள்ளே இரண்டாக அறுந்திருந்தது. நிமிரும்போது முனைகள் தொட்டுக்கொள்ளும், வளையும்போது விலகும். அவ்வளவுதான். போட்டிருந்தது சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி கேட் 6. வேகத்துக்குக் குறைவே இல்லாத கேபிள்.

கம்பியின் நெகிழ்வை ஐஇசி 60228 வகுப்பு பிரித்து வைத்திருக்கிறது. 1 ஒற்றைக் கம்பி, 2 சில தடித்த இழைகள், 5 மென்மையான பல இழை, 6 அதைவிட நுண்ணிய இழைகள். நகரும் இடத்துக்கு 5 அல்லது 6. ஆனால் மென்மையான கேபிள் எல்லாம் செயினுக்குத் தாங்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். செயினுக்கென்று செய்த கேபிளில் உள்ளே கம்பிகள் சுற்றப்பட்ட விதம், நடுவில் இருக்கும் நிரப்பி, இழைகளுக்கு நடுவே வழுக்கிக்கொடுக்கும் தன்மை எல்லாமே வேறு. உறையும் பெரும்பாலும் பாலியூரித்தேன். உராய்வையும் எண்ணெயையும் பிவிசி தாங்காத அளவுக்குத் தாங்கும். தயாரிப்பாளரின் தாளில் குறைந்தபட்ச வளைவு ஆரம் கேபிள் விட்டத்தின் எத்தனை மடங்கு என்று இருக்கும். அசையாமல் கிடப்பதற்கு ஓர் எண், அசைவதற்கு இன்னோர் எண். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். போடும்போது சுருளிலிருந்து வளையம் வளையமாக இழுத்தால் முறுக்கு ஏறிவிடும், உருட்டி எடுங்கள். செயினுக்குள் கேபிளைக் கேபிளோடு கட்டவே கூடாது. முனையில் மட்டும் பிடித்து, உள்ளே தளர்வாக விட வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் செயின் கேபிள் தேயும் பொருள்தான். அதனால் நடுவில் ஒரு கனெக்டர் வைத்து, நகரும் பகுதியை மட்டும் கழற்றி மாற்றும்படி விடுவேன். ஆர்ஜே45-ஐ அங்கே வைக்காதீர்கள், அதிர்வில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு தாங்காது. திருகி மாட்டும் எம்12 இருக்கிறது. 100 மெகாபிட்டுக்கு டி-கோடட் வகை, ஜிகாபிட்டும் அதற்கு மேலும் என்றால் எக்ஸ்-கோடட் வகை.

தொழிற்சாலைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஃபீல்டு பஸ் கேபிள்களில் நிறத்தை வைத்தே ஓரளவு அடையாளம் காணலாம். ஊதா நிறம் புரோஃபிபஸ், பச்சை புரோஃபிநெட். ஊதா கேபிளின் இம்பீடன்ஸ் (சமிக்ஞைக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு) 150 ஓம், சாதாரண ஈதர்நெட் 100 ஓம், ஆர்எஸ்-485-க்கு 120 ஓம். ‘இரண்டு கம்பிதானே வேண்டும்’ என்று மிச்சம் கிடந்த கேட் 5இ துண்டில், ஆர்எஸ்-485-இல் ஓடும் மோட்பஸை ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். குறைந்த தூரம், குறைந்த வேகம் என்றால் ஓடத்தான் செய்யும், நான் அதைப் பெரிய பாவமாக நினைப்பதில்லை. 1979-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நெறிமுறை மோட்பஸ், சின்னக் குறைகளைச் சகித்துக்கொள்ளும். சகிக்காதது கேபிள் போகும் வடிவத்தை. ஒரு கருவியிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு என்று சங்கிலியாகப் போய், இரண்டு கடைசிகளிலும் 120 ஓம் முடிப்பு மின்தடை வைத்தால் 1200 மீட்டர்கூடப் போகலாம். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரமாக நாலு பக்கம் பிரித்தால் எவ்வளவு உயர்ந்த கேபிளைப் போட்டாலும் சமிக்ஞை முனைகளில் மோதித் திரும்பும்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே போகும் பவர் கேபிள்தான் தொழிற்சாலையின் பெரிய இரைச்சல்காரன். விஎஃப்டி எனப்படும் அந்த வேகம் மாற்றும் டிரைவ் வெளியிடுவது நாம் நினைக்கும் அலை கிடையாது, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடும் கூர்மையான துடிப்புகள். கேபிள் நீண்டால் அந்தத் துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பி, அங்கே வோல்டேஜ் கிட்டத்தட்ட இரண்டு மடங்குவரை எழும். இன்சுலேஷன் அதைத் தாங்க வேண்டும். இதற்குச் சமச்சீராக அமைத்த, ஷீல்டு போட்ட கேபிள் வேண்டும். அந்த ஷீல்டை முனையில் முறுக்கி ஒரு வால் போல ஆக்கி எர்த் திருகில் மாட்டுவது பலரின் வழக்கம். அதிவேக இரைச்சலுக்கு அந்தச் சில சென்டிமீட்டர் வாலே பெரிய தடை. கேபிள் நுழையும் இடத்தில் உலோக இஎம்சி கிளாண்ட் போட்டு, பின்னல் முழுச் சுற்றும் உலோகத்தைக் கவ்வும்படி, இரண்டு முனையிலும் முடிக்க வேண்டும். 4-20 மில்லிஆம்பியர் போன்ற மெதுவான அனலாக் சமிக்ஞைக் கேபிளின் ஷீல்டை மட்டும் வழக்கமாக பேனல் பக்கத்தில், ஒரு முனையில்தான் எர்த் செய்வோம். இரண்டிலும் செய்தால் எர்த் வித்தியாசம் அதன் வழியே ஓடும். டேட்டா கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் நெடுக ஓட விடாதீர்கள். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

24 வோல்ட் வயர்களை எல்லோரும் அலட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். ஷாக் அடிக்காது என்பதால் மரியாதை குறைவு. ஒரு கணக்கு: பேனலிலிருந்து 50 மீட்டர் தள்ளி வால்வுகள், மொத்தம் 2 ஆம்பியர், 0.75 சதுர மில்லிமீட்டர் கேபிள். போக வர 100 மீட்டர். செம்புக்கு மீட்டருக்கு, சதுர மில்லிமீட்டருக்கு 0.0175 ஓம் என்று வைத்தால் 2.33 ஓம். 2 ஆம்பியரில் 4.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். வால்வுக்குக் கிடைப்பது 19.3. பத்து சதவீதம் குறையலாம் என்று வால்வின் தாளில் இருந்தால் 21.6-க்குக் கீழே உத்தரவாதமில்லை. 1.5 போட்டால் 21.7, மயிரிழையில் தப்பும். 2.5 போட்டால் 22.6, நிம்மதி. கேபிளின் கரன்ட் தாங்கும் அட்டவணையை மட்டும் பார்த்தால் 0.75 தாராளம். சூடாகவே ஆகாது, ஆனால் வால்வு திறக்காது.

அந்த அட்டவணையையும் அப்படியே நம்ப முடியாது. அதில் இருப்பது தனியாகப் போகும் ஒரு சர்க்யூட்டுக்கான எண். மூன்று சர்க்யூட்டுகளை ஒன்றாகக் கட்டினால் அதை 0.70-ஆல் பெருக்க வேண்டும், ஆறென்றால் 0.57, ஒன்பதென்றால் பாதி. பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரை, எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி வரை. உலைக்குப் பக்கத்தில் இரண்டுமே வேண்டாம், சிலிக்கோன் ரப்பர் பக்கம் போங்கள்.

உலை என்றதும் அதன் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் நினைவுக்கு வருகிறது. அதன் கேபிளைச் செம்பில் நீட்டிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? எதுவும் அணையாது, அலாரம் அடிக்காது, அளவு மட்டும் பொய் சொல்லும். தெர்மோகப்பிள் தலைப்பகுதி 60 டிகிரி, பேனல் 30 டிகிரி என்றால் ஏறத்தாழ 30 டிகிரி குறைத்துக் காட்டும். தெர்மோகப்பிள் கே என்ற வகை என்றால் அதற்கு கே வகை நீட்டிப்புக் கேபிள்தான். அதையும் இரண்டு முனையிலும் தலைகீழாக மாட்டினால் தவறு இரட்டிப்பாகி 60 டிகிரி போய்விடும். ஐஇசி முறையில் கே வகையின் நேர்முனை பச்சை, எதிர்முனை வெள்ளை. அமெரிக்க முறையில் நேர்முனை மஞ்சள், எதிர்முனை சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் கை தானாக பிளஸ்ஸுக்குப் போகும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். இரண்டு முறையிலும் செய்த இயந்திரங்கள் ஒரே கூடத்தில் நிற்கும் இடங்களில் நிறத்தை நம்பாமல் காந்தத்தை எடுங்கள். கே வகைக் கம்பியில் எதிர்முனைதான் காந்தத்தில் லேசாக ஒட்டும்.

வாங்கிய கேபிளின் உறையில் அச்சடித்திருக்கும் வரியைப் படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. கம்பித் தடிமன், ஜோடிகளின் எண்ணிக்கை, ஷீல்டு வகை, வெப்ப அளவு, தரநிலை எண் எல்லாம் அங்கேயே இருக்கும். யு/யுடிபி என்றால் எங்கும் ஷீல்டு இல்லை. எஃப்/யுடிபி என்றால் மொத்தத்துக்கும் ஒரு ஃபாயில். எஸ்/எஃப்டிபி என்றால் வெளியே பின்னல், உள்ளே ஒவ்வொரு ஜோடிக்கும் ஃபாயில். சாய்வுக்கோட்டுக்கு முன்னால் இருப்பது கேபிள் முழுவதற்கும், பின்னால் இருப்பது ஜோடிக்கு. இன்னும் ஒன்றும் அந்த வரியில் இருக்கும், மீட்டருக்கு மீட்டர் ஓடும் எண். கேபிளை இழுத்து முடித்ததும் இரண்டு முனையிலும் தெரியும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் உண்மையான நீளம் வந்துவிடும், 90 மீட்டரைத் தாண்டினோமா என்று ஊகிக்க வேண்டியதில்லை. பின்னாளில் பழுது எத்தனையாவது மீட்டரில் என்று சோதனைக் கருவி காட்டும்போது, டிரே மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றாமல், உறையில் அந்த எண் இருக்கும் இடத்துக்கு நேராக ஏணியைக் கொண்டுபோகலாம்.